கராச்சியிலிருந்து பம்பாய்க்கு எத்தனை மணி நேரம்?

பூகோள உருண்டையின்மேல் கராச்சிக்கும் பம்பாய்க்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால், தூரம் சுமார் 880 கிலோமீட்டர் வரும். இரு நகரங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. ஆனால் விமானம் கடக்க வேண்டிய தூரமோ 1932 முதல் பலமுறை மாறியிருக்கிறது.

அந்த ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் காலை 6.35 மணிக்கு, 'புஸ் மாத்' என்னும் சிறு விமானம் கராச்சியிலிருந்து கிளம்பியது. ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாட்டா. இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டனிலிருந்து கராச்சி வரை கொண்டுவந்த தபாலைத் தெற்கே சேர்ப்பதுதான் அவருடைய வேலை. விமானத்தில் ஒரே எஞ்சின், ரேடியோ கிடையாது. திசைகாட்டியும் கீழே தெரியும் நிலமுமே வழித்துணை.

நேர்வழியாகப் போனால் கட்ச் வளைகுடாவையும் காம்பே வளைகுடாவையும் தாண்ட வேண்டும். டாட்டாவோ அகமதாபாத் வழியாக வந்தார். அங்கே அவருடைய விமானத்துக்கான பெட்ரோல், தகர டின்களில் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது! இந்தச் சுற்றால் தூரம் ஏறத்தாழ 1,040 கிலோமீட்டராயிற்று. பிற்பகல் 1.50க்கு அவர் பம்பாயின் ஜூஹுவில் இறங்கினார். பெட்ரோல் நிரப்பிய நேரத்தையும் சேர்த்து ஏழேகால் மணி. அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

இங்கே ஒரு சிறு கணக்கு. புஸ் மாத் காற்றில் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆனால் பயண நேரத்தைத் தீர்மானிப்பது காற்றைச் சார்ந்த வேகமன்று, தரையைச் சார்ந்த வேகம். காற்றே இல்லையென்றால் 1,040 கிலோமீட்டரைக் கடக்க ஆறரை மணி போதும். மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் தரை வேகம் 130 ஆகக் குறைந்து, பயணம் எட்டு மணியாகிவிடும். அதே காற்றில் மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் ஜெட் விமானத்துக்கு மூன்று நிமிடம்தான் கூடும். அந்நாளைய விமானிகள் காற்றுக்கு ஏன் அவ்வளவு அஞ்சினார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஜெட் விமானத்தின் கணக்கில் நேர்வழி சுமார் ஒன்றரை மணிப் பயணம். ஆனால் நேர்வழி எப்போதும் திறந்திருக்கவில்லை. 1971 பிப்ரவரியில் இந்தியா தன் வான்வெளியில் பாகிஸ்தான் விமானங்களைத் தடுத்தது. கராச்சியிலிருந்து டாக்கா செல்லும் விமானங்கள் இலங்கையைச் சுற்றிப் போயின. 1976இல்தான் இரு நாடுகளுக்கும் இடையே விமானப் போக்குவரத்து மீண்டது. 1982 அக்டோபரில், தம் 78ஆம் வயதில், டாட்டா ஒரு பழைய 'லெப்பர்ட் மாத்' விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் ஓட்டிவந்தார். அந்தக் கிழட்டு விமானத்துக்கு அன்று வழி இருந்தது.

பின்னர் நேரடிச் சேவைகள் நின்றன. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் மற்றதன் விமானங்களுக்கு வான்வெளியை மூடின. இந்நிலையில் பம்பாய்க்கு வர நினைக்கும் கராச்சிப் பயணி துபாய் போய் விமானம் மாற வேண்டும். மேற்கே சுமார் 1,190 கிலோமீட்டர். பிறகு திரும்பக் கிழக்கே 1,930. மொத்தம் 3,120! பறக்கும் நேரமே ஏறத்தாழ ஐந்து மணி. துபாயில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால், டாட்டாவின் ஏழேகால் மணியைத் தொட்டுவிடும், பெரும்பாலும் தாண்டிவிடும்.