ஓவன் இல்லையா, குக்கர் போதும்... ஆரணி வெயிலிலும் வீட்டிலேயே முழு கோதுமை பிரெட்!

ஜுரம் வந்தால் பால், பிரெட். நம்ம ஊர்ல பிரெட்டுக்கு ரொம்ப நாள் இருந்த மரியாதை அவ்வளவுதான். இப்போ காலை டிபனுக்கும், ஸ்கூல் டிபன் பாக்ஸுக்கும் 'பிரவுன் பிரெட்' வாங்குறோம். ஆனா, அந்தப் பழுப்பு நிறம் எங்கிருந்து வருதுன்னு பார்த்திருக்கீங்களா?

லேபிளைத் திருப்பிப் பாருங்க

மூலப்பொருள்கள் பட்டியலில் எது அதிகமோ, அதுதான் முதலில் இருக்கும். முதல் பெயர் மைதா என்றால், அது மைதா பிரெட்தான். 150 என்று தொடங்கும் எண் இருந்தால் கேரமல் நிறம் சேர்த்திருக்கிறார்கள். 282 என்பது பூஞ்சை வராமல் தடுக்கும் கால்சியம் புரோபியனேட், அது அனுமதிக்கப்பட்டதுதான்.

2016-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், அங்கு வாங்கிய பிரெட், பன் வகைகளில் 38 சாம்பிள்களைச் சோதித்தது. 84 சதவிகிதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் புரோமேட்டுக்குத் தடை வந்தது.

கோதுமை மாவு ஏன் உப்ப மாட்டேங்குது?

பட்டுக்குப் பேர்போன ஆரணியில் இதைப் புரியவைப்பது சுலபம். மாவிலுள்ள குளூட்டன்தான் பாவு மாதிரி. இழுத்துக் கட்டி, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கும். முழு கோதுமையில் இருக்கும் தவிடு, அந்த இழைகளை அறுத்துவிடும். அதனால் தவிட்டை முதலில் ஊறவைத்து மெதுவாக்கணும். மில்லில் நைஸாக அரைத்து, சலிக்காமல் எடுங்க. சம்பா கோதுமையில் இழுவை குறைவு. சாதா கோதுமையே நல்லது.

தேவையானவை

கோதுமை மாவு 300 கிராம், தண்ணீர் 225 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், நாட்டுச் சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன்.

செய்முறை

1. மாவில் தண்ணீர் ஊற்றிக் கலந்து, 30 நிமிடம் மூடி வைங்க. மாவு சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருக்கணும். ஒட்டுதேன்னு மேலும் மாவு போட்டால், பிரெட் கல்லாகிடும்.

2. ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, எண்ணெய் சேர்த்து 10 நிமிடம் பிசைங்க.

3. மூடி வைங்க. பல குறிப்புகளில் ஒரு மணி நேரம்னு இருக்கும். ஆனா, கோடையில் நம்ம ஊர்ல 40 நிமிடத்திலேயே பொங்கிடும். கடிகாரத்தைப் பார்க்காதீங்க, மாவைப் பாருங்க. ஒன்றரை மடங்கு ஆனால் போதும். மே மாதத்தில் பானைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் நிதானமாகப் பொங்கும்.

4. காற்றை அழுத்தி எடுத்து உருட்டி, எண்ணெய் தடவிய 6 இன்ச் வட்ட டின்னில் வைங்க. மறுபடி உப்பட்டும். விரலால் லேசா அழுத்தினால் பள்ளம் மெதுவா மேலே வரணும். மேலே வராமல் அப்படியே நின்றால் அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது, அடுப்பில் அமுங்கிடும்.

5. ஓ.டி.ஜி இருந்தால் 190 டிகிரியில் 35 நிமிடம். இல்லையென்றால், பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைங்க. கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழட்டிட்டு மூடி, 10 நிமிடம் சூடாக்குங்க. டின்னை உள்ளே வைத்து, சிறு தீயில் 45 முதல் 50 நிமிடம். தண்ணீர் ஊற்றக் கூடாது. குக்கரில் மேல்பக்கம் சிவக்காது. வேண்டுமானால் தோசைக்கல்லில் திருப்பிப் போட்டு எடுங்க.

6. முழுசா ஆறிய பிறகே வெட்டணும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுன்னு இருக்கும்.

எத்தனை நாள் தாங்கும்?

வெயில் காலத்தில் வெளியே 2 நாள்தான். ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகும். ஸ்லைஸ் போட்டு ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது கல்லில் சுட்டுக்கலாம்.

இன்னொரு விஷயம்... நார்ச்சத்து அதிகம் என்பதற்காக, சர்க்கரை நோயாளிகள் இஷ்டத்துக்குச் சாப்பிட முடியாது. இதுவும் மாவுச்சத்துதான். இட்லி, சப்பாத்தி போல எண்ணித்தான் சாப்பிடணும்.

மொத்தம் 3 மணி நேரம் ஆகும். கை வேலை 20 நிமிடம்தான். வீட்டிலேயே தறி ஓட்டுறவங்க, பிசைந்து வைத்துவிட்டுத் தறியில் உட்காரலாம். நடுவில் இரண்டு முறை எழுந்தால் போதும். பதறாத காரியம் சிதறாது!