ஏவிஆர்: கைமாறிய சில்லும் மாறிய சொற்களும்

நார்வேயின் டிரான்தைமில் மாணவர்களாயிருந்த ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வொல்லன் இருவரும் வடிவமைத்த ஏவிஆர் நுண்கட்டுப்படுத்தியை அட்மெல் நிறுவனம் 1990களில் சந்தைக்குக் கொணர்ந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் தோன்றிய அர்டுயினோ பலகைகள் அதனைக் கல்லூரி ஆய்வகங்கள்வரை பரப்பின. 2016இல் நெடுநாள் போட்டியாளரான மைக்ரோசிப், ஏறத்தாழ 356 கோடி டாலருக்கு அட்மெல்லை வாங்கியது.

ஏவிஆர் கைவிடப்படும் என்னும் அச்சம் மெய்யாகவில்லை. அட்மேகா328பி தொடர்ந்து விற்பனையில் இருக்கிறது. மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. பின்வந்த ஏவிஆர் சில்லுகளில் கட்டளைத் தொகுதியாகிய இலக்கணம் பெரிதும் பழையதே. பதிவகப் பெயர்களாகிய சொற்றொகுதி வேறு. 'டிடிஆர்பி' என்றிருந்தது 'போர்ட்பி.டிஐஆர்' ஆயிற்று. நிரலேற்றமும் யுபிடிஐ என்னும் ஒற்றைக் கம்பி முறைக்கு மாறியது.

இதனை முழுவதும் கையகப்படுத்தலின் விளைவென்பது பொருந்தாது. இப்பெயரீட்டு முறை அட்மெல்லின் எக்ஸ்மெகா சில்லுகளிலேயே அரும்பியிருந்தது. புதிய உரிமையாளர் அதனைப் பொதுவழக்காக்கினார். 2019இல் வந்த அர்டுயினோ நானோ எவ்ரி, பழைய நிரல்களுக்காகப் பழைய பதிவகங்களைப் போலச்செய்யும் வசதியைத் தர வேண்டியதாயிற்று. ஆதலின், கையகப்படுத்தலை மதிப்பிடுவோர் சில்லு கிடைக்கிறதா என்பதோடு நில்லாமல், பழைய சொற்களில் எழுதப்பட்ட நிரல்களும் பாடங்களும் எத்துணைக் காலம் பொருள்படும் என்றும் கேட்டல் வேண்டும்.