பனையேறிக் கெண்டை: ஒரு மீனும் மூன்று பருவங்களும்

மழைக்காலம் வந்துவிட்டது. ஆகவே இன்று ஒரு மீனின் கதை.

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அங்கே இருந்த லெப்டினன்ட் டால்டார்ஃப், 1791 நவம்பரில் குளக்கரைப் பனை ஒன்றில், தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைக் கையால் பிடித்ததாக எழுதினார். செவுள் மூடி முட்களால் தொற்றிக்கொண்டு, வாலை வளைத்து உந்தி ஏறியதாம். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கம் இதை வெளியிட்டது. அவர் வைத்த பெயருக்கு 'ஏறும் பெர்ச்' என்று பொருள். அதே தரங்கம்பாடியிலிருந்து பாதிரியார் ஜான் மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த பிளாக்குக்கு அனுப்பிவந்தார். 1792-இல் இந்த மீனுக்கு அறிவியல் விளக்கம் எழுதியவர் பிளாக்தான். உண்மையில் இது பெர்ச் இனமும் இல்லை, கெண்டை இனமும் இல்லை.

மரம் ஏறியது உண்மையா? பின்னால் வந்த அறிஞர்கள் பலர் நம்பவில்லை. காக்கையோ பருந்தோ தூக்கிப்போய் மரத்தில் நழுவவிட்டிருக்கும் என்றார்கள். ஆனால் தரையில் நடப்பது உண்மை. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு உண்டு. மேலே வந்து மூச்சு வாங்கவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். டால்டார்ஃப் சொன்ன மாதத்தைக் கவனியுங்கள். நவம்பர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. அந்தக் கரையில் அடைமழைக் காலம்.

மீன் பிடிப்பவர்களுக்கு இந்தக் குணமெல்லாம் அத்துப்படி. அவர்களுடைய முறைகளே அதற்குச் சாட்சி. புதுமழையில் மீன் நீரோட்டத்தை எதிர்த்து வயலை நோக்கி ஏறும். அப்போது மடையிலும் வாய்க்கால் வாயிலும் பறி வைப்பார்கள். வரப்பில் நடப்பதைக் கையாலேயே பிடிப்பார்கள். கண்மாய் நிறைந்து தண்ணீர் தெளிந்தபின் தூண்டிலில் மண்புழு கோத்துப் பிடிப்பார்கள். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊத்தா வெளியே வரும். அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை அது. கலங்கலில் சட்டென்று அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவ வேண்டும். கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் தம் 1681 நூலில் இப்படிப்பட்ட கூடையை விவரித்திருக்கிறார். தண்ணீரே இல்லாவிட்டாலும் ஈரச்சேற்றைத் தோண்டினால் மீன் கிடைக்கும்.

இந்த மூன்றில் கோடைப் பிடியால் பெரிய கேடில்லை. வற்றப்போகும் நீரில் மாட்டிய மீன் எப்படியும் கொக்குக்கு இரைதான். மதுரை, சிவகங்கைப் பக்கம் ஊரே கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் புதுமழையில் ஏறும் மீன் வயிறு நிறையச் சினையோடு வருவது. வாய்க்காலை முழுவதும் அடைத்துப் பறி வைத்தால் அடுத்த வருட மீனையும் சேர்த்துத்தான் அள்ளுகிறோம். மடையில் ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும். வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தையும் தாண்டித்தான் அது முட்டையிட வேண்டியிருக்கிறது.

உங்கள் ஊர்க் கண்மாயில் இந்த மீன் இன்னும் இருக்கிறதா? அங்கே அதற்கு என்ன பெயர்? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.