அழைப்பு வந்த நாள் எது?

குருத்துவப் பணிக்கு மனுச் செய்யும் இளைஞரை நேர்காணும் குழுவினர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: "உமக்கு அழைப்பு எப்பொழுது வந்தது?" வினவுவோர் ஒரு நாளை எதிர்பார்க்கின்றனர், மனுதாரரும் ஒரு நாளைத் தேடி வைத்துக்கொண்டு வருகின்றார். தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் பவுலடியார் கண்ட ஒளியே எல்லா அழைப்புக்கும் அளவுகோல் என நாம் கொண்டுவிட்டோம். நம் நாட்டிலேயே அதற்கு நிகரான சான்றும் உண்டு. 1890இல் நோயுற்ற தாயாரைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அருட்பணிக்கு வருவதில்லை என்றே உறுதிகொண்டிருந்தார். ஒரே இரவில் பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்காக மூன்று கணவன்மார் வந்து பெண்ணின் உதவியை நாடினர்; ஆண் மருத்துவரை ஏற்க அவர்கள் மனம் ஒப்பவில்லை; மூன்று பெண்களும் மாண்டனர். அவ்விரவே வேலூர் மருத்துவப் பணிக்கு வித்தாயிற்று.

ஆயினும் எல்லார் வாழ்விலும் அத்தகைய இரவு வாய்ப்பதில்லை. பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வரலாற்றை இந்நோக்கில் மீண்டும் ஆராய்வது நலம் என எண்ணுகிறேன்.

1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், ஒரு குருவானவரின் இல்லத்தில் அசரியா பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றி இளைஞரிடையே உழைத்தார். அது பயனுள்ள பணி. அவரும் அதில் சிறந்து விளங்கினார். வேறு அழைப்பைத் தேட வேண்டிய தேவை எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் இந்தியாவிற்கு நற்செய்திப் பணியாளரை அனுப்பி வந்தனர் என்பதை அறிந்து நாணினார். எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிதான திருநெல்வேலித் திருச்சபை அவ்வாறு எதையும் செய்திருக்கவில்லை. அதன் விளைவாக 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் உருவாயிற்று. இரண்டிலும் அவருடைய கை இருந்தது. ஆனால் அப்பொழுதும் அவர் அனுப்புகிறவராகவே இருந்தார். நிசாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் பகுதிக்குப் பிறர் சென்றனர். 'நீங்கள் போங்கள்' என மேடைதோறும் முழங்கியவருக்கு, தாம் போகாதிருப்பது உறுத்தத் தொடங்கியது. அவ்வுறுத்தல் கனிவதற்கு ஆண்டுகள் பிடித்தன. 1909இல், முப்பத்தைந்தாம் வயதில், செயலாளர் பதவியைத் துறந்து குருப்பட்டம் பெற்றுக் குடும்பத்துடன் தோர்ணக்கல் சேர்ந்தார். பேசிப் பழகிய தமிழை விட்டுத் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

ஆகவே, அழைப்பு வந்தது எந்த நாளில்? 1902இலா, 1905இலா, 1909இலா? குழுவின் படிவத்தில் அவர் எதை நிரப்பியிருப்பார்? பிறருக்குச் சொன்ன சொல் தம்மீதே திரும்பி வந்து நின்றதே அவருடைய அழைப்பு. பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கு இது சற்று அச்சந்தரும் செய்தியாகும்.

1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் அவர் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இச்சிறப்பையே நம் மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். இதனினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. தோர்ணக்கலில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தம் தலைமீது கைவைத்து, நற்செய்தியை அறிவிக்காவிடில் தமக்கு ஐயோ என்னும் பவுலடியாரின் சொல்லைத் தமதாக்கிச் சொல்லும்படி அவர் செய்தார். கைவைத்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், எழுத்தறியாத கூலிகள். குருமார் பட்டம் பெறுகையில் பேராயர் கைவைப்பார். இங்கோ உழவுக்கூலி தன் தலையில் தானே கைவைத்தான். அழைப்பு என்பது குருமாரின் தனிச்சொத்து அன்று என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்திய சடங்கை நான் அறியேன்.

செருப்புத் தைப்பவரின் தொழிலும் தேவ அழைப்பே என லூத்தர் 16ஆம் நூற்றாண்டிலேயே போதித்தார். எனினும் இப்போதனையை நம் மண்ணில் நடுவதற்கு எச்சரிக்கை வேண்டும். பிறப்பே தொழிலை விதிக்கும் நாட்டில், 'அழைக்கப்பட்ட நிலையிலே நிலைத்திரு' என்று பிரசங்கித்தால், தோல் பதனிடும் மாதிகாவை அத்தொழிலோடு கட்டிப்போட வேதமே கயிறாகிவிடும். அசரியா அக்கயிற்றைத் திரிக்கவில்லை. பள்ளிகளைத் திறந்தார், அம்மக்களிடமிருந்தே ஆசிரியரையும் குருமாரையும் எழுப்பினார். செய்யும் வேலையை மதிப்பது ஒன்று. அவ்வேலைக்கே ஒருவன் பிறந்தான் என்பது முற்றிலும் வேறு.

சென்னைக்கு மேற்கே மண்ணூர்பேட்டை போன்ற இடங்களில் பணிபுரியும் ஆயர்களுக்கு இவ்வேறுபாடு ஏட்டுச்சரக்கு அன்று. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த பின், தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இப்பக்கத்துச் சபைகளில் பல உண்டு. லேத் பட்டறையில் நிற்பவர், வெல்டர், ஒப்பந்தத் தொழிலாளி, இரவு ஷிப்டு முடித்து உறங்காமல் ஆராதனைக்கு வருபவர் ஆகியோரிடம் நாம் ஊழியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முழுநேர ஊழியத்தையே பேசுகிறோம். 'நான் ஊழியத்துக்கு வரவில்லை ஐயா, வெறும் வேலைதான்' என அவர்கள் சொல்வது நம் பிரசங்கத்தின் கனியே. அந்த 'வெறும்' என்ற சொல்லை அவர்களுக்குக் கற்பித்தது யார்? மறுபுறம், பட்டறை மூடி வேலை போனவனிடம் 'வேலையே உன் அழைப்பு' எனப் போதித்திருந்தால், வேலையோடு அவன் வாழ்வின் நோக்கமும் போய்விட்டதென்று சொன்னவர்களாவோம். வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடை மனிதனின் தலையாய நோக்கத்தை முதல் வினாவாக வைத்துத் தேவனையே விடையாகக் காட்டுவது இங்கு பெரும் பாதுகாப்பு. சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படுவதால் அந்நோக்கம் அழிவதில்லை.

அசரியாவின் நோக்கங்களும் யாவும் நிறைவேறிவிடவில்லை. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஐக்கிய முயற்சிக்காக அவர் கால் நூற்றாண்டு உழைத்தார். 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கலில் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபை உதயமானது 1947 செப்டம்பர் 27இல். சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் அன்று ஏறெடுக்கப்பட்ட ஸ்தோத்திரத்தைக் கேட்க அவர் இருக்கவில்லை.