நோணாங்குப்பம் வட்டாரத்தில் கணினி வலையமைப்பு

இரண்டோ அதற்கு மேற்பட்டோ கணினிகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும்படி இணைந்திருக்கும் ஏற்பாட்டை வலையமைப்பு என்று பாடநூல்கள் வரையறுக்கின்றன. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலையில் சுண்ணாம்பாற்றையொட்டி இருக்கிறது நோணாங்குப்பம். அதைச் சுற்றியுள்ள கடலோர ஊர்களின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அந்த வரையறை பாதிவழியில் நின்றுவிடுகிறது. இங்கே வலையமைப்பின் கடைசிக் கண்ணியாக இருந்தது கணினியன்று. கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி. இந்தியப் பொதுமக்களுக்கு அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இன்டர்நெட் சேவையைத் திறந்தது. முதலில் பயன்பெற்றவை பெருநகரங்களே.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் வளர்ச்சி ஆராய்ச்சி அமைப்பான ஐ.டி.ஆர்.சி. உதவியுடன் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் நடுமையம் வில்லியனூர். அங்கு இன்டர்நெட் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. கணினியின் இலக்கக் குறிகளைக் கம்பி தாங்கும் ஒலிக்குறிகளாக மாற்றி, மறுமுனையில் திரும்பவும் இலக்கமாக்கும் கருவியே மோடம். வில்லியனூரிலிருந்து ஊர் மையங்களுக்குத் தொலைபேசியை நம்ப முடியாததால் வி.எச்.எஃப். வானொலிக் கருவிகள் பொருத்தப்பட்டன. இருமுனையும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடிகிற டூப்ளெக்ஸ் வகை அது. குரலும் கணினித் தரவும் அதிலேயே சென்றன. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் இருந்தன. எல்லா இழைகளும் ஒரே நடுவில் கூடும் இவ்வமைப்பை நட்சத்திர அமைப்பு என்பர். அமைக்க எளிது; ஆனால் நடுமையம் படுத்தால் எல்லா ஊர்களும் படுத்துவிடும். மையம் பொது இடத்தில் இருக்க வேண்டும், தலித் மக்கள் உட்பட யாரும் தடையின்றி வர வேண்டும் என்பது நிபந்தனை. நடத்திய தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மையம் பெற்ற ஊர்களில் ஒன்றான ஏம்பலத்தில் கணினி கோயில் வளாகத்தில் அமர்ந்தது.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்துக்குத் தேவைப்பட்டது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிட்ட முன்கணிப்பை வில்லியனூரில் டவுன்லோடு செய்து, தமிழில் பேசி ஒலிக்கோப்பாக்கி அனுப்பினார்கள். கரையில் ஒலிபெருக்கிகள் அதை அறிவித்தன. ஒருவழியாக மட்டும் ஒலிக்கும் குழாய் ஸ்பீக்கரை வலையமைப்பில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். ஒலியை எண்களாக மாற்றிச் சேமிப்பதே இலக்க ஊடகம். எத்தனை முறை படியெடுத்தாலும் அந்த எண்கள் தேயாமல் இருக்கும். ஆனால் எந்த இலக்க ஒலியும் காதை எட்டும்போது காற்றின் அதிர்வாகத்தான் வருகிறது. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கும் இதுவே விதி. வேறுபாடு ஸ்பீக்கரின் அளவில்தான். திரையைப் பார்க்க நேரமில்லாமல் வலையைச் சுமந்து கரைக்குப் போகிறவருக்குத் தகவல் சேர்ந்ததா என்பதை விட்டுவிட்டு வலையமைப்பை அளப்பது பொருந்தாது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இதே வட்டாரத்து நல்லவாட்டில் நடந்தது இவ்வாதத்துக்கு வலுவான சான்றாகக் காட்டப்படுகிறது. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் தகவல் கிராமத் திட்டத்தின் அறிவு மையத்திலிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினர்; ஏறத்தாழ 3,600 பேர் தப்பினர் என்று பல பதிவுகள் கூறுகின்றன. கடல்நீர் ஊருக்குள் ஏறியதை வீட்டார் சொன்ன பிறகே அவர் எச்சரித்தார் என்று சில பதிவுகளும், செய்தியைக் கேட்டு அவரே முதலில் அழைத்தார் என்று வேறு சிலவும் சொல்கின்றன. காப்பாற்றியது தொலைபேசியே, கணினிக்கு இதில் பங்கில்லை என்ற மறுப்பும் உண்டு. அன்று காலை கணினிக்குப் பங்கில்லை என்பதை ஏற்றுக்கொண்டாலும், ஒலிபெருக்கி அங்கே நின்றதற்கும், அதில் வரும் கடல் செய்தியை நம்பலாம் என்ற பழக்கம் ஊரில் ஊன்றியதற்கும் அந்த மையமே காரணமாக இருக்கக்கூடும்.

அந்தச் சுனாமிக்குப் பிறகு, ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. பின்னர் அலை உயரமும் காற்றின் வேகமும் கைப்பேசிச் செயலிகளுக்கு நகர்ந்தன.