வன்னிக் கரையிற் கண்ணாடியிழைப் படகு

வன்னியில் மண்வீடு எழுப்புவோர் குழைத்த மண்ணில் வைக்கோலை நறுக்கிச் சேர்ப்பது தொன்றுதொட்ட வழக்கம். வைக்கோல் கலவாத மண் உலருங்காற் சுருங்கி வெடிக்கும். கலந்த மண்ணிலோ, வெடிப்பு எழுந்தாலும் தாள்கள் அதனைக் குறுக்கே பற்றி நிறுத்தும். முல்லைத்தீவுக் கரையில் இன்று நிற்கும் கண்ணாடியிழைப் படகும் இந்நெறியிற் பிறந்ததே. ஆயின் அப்படகின் வரலாறு நூறாண்டு நிரம்பாதது.

கண்ணாடி நொறுங்கும் பொருளன்றோ, அதனாற் படகு கட்டுதல் எங்ஙனம் என மாணவர் வினவுதல் இயல்பு. இங்கிலாந்தின் பாண்பரோ விமான ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய கிரிபித் என்பார் 1921 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழிகாட்டிற்று. கண்ணாடி வலியிழப்பது அதன்கண் உள்ள, கண்ணுக்குப் புலனாகாத நுண்கீறல்களால் என்றார் அவர். மெல்லிய இழையாக நீட்டியவிடத்துப் பெருங்கீறலுக்கு இடமில்லை. அவர் சோதித்த மிக மெல்லிய இழை, சம பரப்பளவிற்கு, தடித்த கோலினும் ஏறக்குறைய 20 மடங்கு வலியுடையதாயிருந்தது. இவ்விழைகளைப் பொலியெஸ்டர்ப் பிசினிற் பதித்தால், பிசினில் ஓடிவரும் வெடிப்பு இழையைக் கண்டதும் தயங்கும். மேற்செல்ல வேண்டின் இழையை அறுக்க வேண்டும், அன்றேல் பிசினினின்று உருவ வேண்டும். இரண்டிற்கும் ஆற்றல் செலவாகும்.

1940களில் அமெரிக்காவில் இத்தகைய படகுகள் தோன்றின. நம் வட பகுதியில், நோர்வே நாட்டவரின் துணையுடன் எழுந்த சீநோர் நிறுவனம் காரைநகரில் அவற்றைக் கட்டிற்று. கட்டுமரமும் வள்ளமும் மெல்ல ஒதுங்கின. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபின் நிவாரணமாக வந்தவற்றுட் கண்ணாடியிழைப் படகுகள் பல. போர் முடிந்த 2009 இன் பின் மீளக்குடியேறியோரும் இவற்றையே நாடினர்.

வழங்கிய படகுகளின் தொகையை அறிக்கைகள் ஆர்வத்தோடு எண்ணுகின்றன. செப்பனிடும் அறிவு கரையை அடைந்ததா என்பதை அத்துணை ஆராய்வதில்லை. இதுவே என் குறை. மரப்பலகை உளுத்தால் விரலே சொல்லிவிடும். கண்ணாடியிழையிலோ, பாறையில் மோதிய இடத்தில் மேலே சிறு வெண்புள்ளி மட்டும் தெரியும். உள்ளே படைகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்திருக்கும். அவ்வழியே நீர் புகும். அலை நாள்தோறும் அடிக்க அப்பிரிவு விரியும். ஒருநாள் நடுக்கடலில் முறியும். நாணயத்தாற் தட்டினால், நல்லவிடம் கணீரென்னும், பிரிந்தவிடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே வெளியில் ஒட்டுப்போட்டு வண்ணம் பூசுதல் தன்னைத் தானே ஏமாற்றுதலாம். பிரிந்த படைகளை முற்றாக நீக்கி, விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, நன்னீரால் உப்பகற்றி, நன்குலர்த்திய பின்னரே புதுப்படைகளை இட வேண்டும். ஈரத்தின்மேற் பிசின் பற்றாது.