கரி அறையும் கோழிக் கொட்டிலும்

புகைப்படக் கலையின் தொடக்க காலத்தில் படம் பிடித்தவர்கள் இரு சாரார். கடை வைத்து, வந்தவரை நாற்காலியில் அமர்த்திப் பணம் பெற்றுப் படம் எடுத்தவர் ஒரு சாரார். ஆசை உந்த, தம் கைப்பொருளைச் செலவிட்டு, கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் படமாக்கியவர் மறு சாரார். பின்னவரைப் பொழுதுபோக்குக்காரர் என்று தொழில்முறையினர் சற்று இளக்காரமாகவே பேசினர். ஆயினும் இன்று நாம் வியந்து நோக்கும் பழம்படங்களுள் பல அவர்கள் எடுத்தவையே. அவர்களுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் காமிரன் என்னும் அம்மையாரின் படங்களையும், அவற்றின் பின்னால் உள்ள கதைகளையும் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயருக்கும் காமிராவுக்கும் உறவேதும் இல்லை. ஒலி மட்டுமே ஒத்திருக்கிறது.

அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். 1838இல் சார்லஸ் ஹே காமிரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். அக்கணவர் முன்னரே ஓர் அரச விசாரணைக் குழுவின் உறுப்பினராக இலங்கைக்குச் சென்று, அத்தீவின் நீதிமுறை பற்றி அறிக்கை தந்தவர்; பின்னர் இந்தியாவில் மெக்காலேயோடு சட்டக் குழுவில் பணி புரிந்தார். இலங்கையில் அவர் வாங்கிய காப்பித் தோட்டங்களே குடும்பத்தின் பெருஞ்சொத்து. 1848இல் இக்குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. 1860இல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் குடியேறியது. கவிஞர் டென்னிசன் அங்கே அண்டை வீட்டுக்காரர்.

1863ஆம் ஆண்டின் இறுதியில் கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குச் சென்றிருந்தார். தனிமையில் இருந்த தாய்க்கு மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. அதற்குமுன் அவருக்கு இக்கலையில் பயிற்சி ஏதும் இல்லை.

அக்காலத்துப் படப்பிடிப்பு இன்றுபோல் ஒரு விரலசைவில் முடிவதன்று. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியான் என்னும் பிசுபிசுப்பான திரவத்தை ஒரே சீராக ஊற்ற வேண்டும். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலருமுன் காமிராவில் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி அதனைத் துலக்க வேண்டும். கையும் உடையும் கறுத்துப் போகும். நம் அம்மையார் வீட்டின் கரி அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக் கொட்டில் ஒன்று இருந்தது; அது படப்பிடிப்புக் கூடமாயிற்று. கோழிகள் விடுதலை பெற்றன. அவற்றை எவரும் உண்டுவிடவில்லை என்றே தாம் நம்புவதாக அவர் பிற்காலத்தில் எழுதி வைத்தார்!

முதன்முதலில் அவ்வூர் உழவர் ஒருவரை, மணிக்கு அரைக் கிரவுன் கூலி கொடுத்து, எதிரே அமர்த்தினார். படம் விழுந்தது. ஆனால் ஈரத் தகட்டின்மேல் தம் கையாலேயே தேய்த்து அதனை அழித்துவிட்டார். 1864 ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் செம்மையாக வாய்த்தது. அதையே தம் முதல் வெற்றி என்று குறித்தார்.

பின்னர் டென்னிசன், வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல் போன்ற பெரியோர் அவர் முன் அமர்ந்தனர். பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும்; அதுவே பெருந்தண்டனை. 1865இல் எடுத்த தம் படத்துக்கு டென்னிசனே 'அழுக்குத் துறவி' என்று பெயரிட்டார். அம்மையாரின் படங்களில் கோடுகள் கூர்மையாக இரா. முகம் மென்பனியினூடே தோன்றுவது போலிருக்கும். புகைப்படச் சங்கத்தார் இதனைப் பிழையென்றே கண்டித்தனர். கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்தில் வில்லையை நிறுத்திவிட்டேன், மேலும் திருகவில்லை என்பதே அவர் விடை. என் கருத்தில் வழக்கு அம்மையார் பக்கமே தீர்ந்துவிட்டது. சங்கத்தார் மெச்சிய கூர்மையான படங்களுள் எத்தனை இன்று நினைவில் நிற்கின்றன?

பெரியோர் படங்களைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது ஒரு பணிப்பெண்ணின் கதை. லண்டனுக்கு அருகே பட்னி ஹீத் என்னும் வெளியில், 1859ஆம் ஆண்டளவில், ஓர் ஐரிஷ் தாயும் மகளும் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தனர். மகள் பெயர் மேரி ரயன். அவளை அம்மையார் வீட்டுக்கு அழைத்துவந்து வளர்த்தார், படிப்பித்தார், பணியும் கொடுத்தார். காமிரா வந்தபின் மேரி அவருடைய படங்களில் வேடம் புனைந்து நின்றாள். 1865இல் லண்டனில் நடந்த கண்காட்சியில் அவள் உருவத்தைக் கண்ட இளைஞர் ஒருவர் மனம் பறிகொடுத்தார். 1867இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. ரோமியோவும் ஜூலியட்டுமாக இருவரையும் அம்மையார் படம் பிடித்தார்.

அந்த இளைஞர் யார்? நம் கும்பகோணத்தில் 1845இல் பிறந்த ஹென்றி காட்டன் என்பவரே! அவர் இந்திய சிவில் உத்தியோகத்தில் சேர்ந்து வங்காளம் சென்றார். அஸ்ஸாமின் தலைமை ஆணையராக இருந்தபோது தேயிலைத் தோட்டக் கூலிகளின் ஊதியத்தை உயர்த்த வேண்டுமென்று வாதாடித் தோட்ட முதலாளிகளின் பகையைத் தேடிக்கொண்டார். 1904இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவரே தலைவர்.

1875இல் காமிரன் தம்பதிகள் இலங்கைக்கே குடிபெயர்ந்தனர். அங்கே கிடையாதென்று எண்ணிச் சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டு சென்றனர் என்பர். ஆனால் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பிச் செடிகளை அழித்து வந்த காலம் அது. செல்வம் சுருங்கிற்று, இரசாயனப் பொருள்களும் தூய நீரும் எளிதில் கிடைக்கவில்லை. ஆயினும் காமிரா ஓயவில்லை. 1877இல் அங்கு வந்த மேரியான் நார்த் என்னும் ஓவியர், கம்பளித் துணியைச் சுற்றிவிட்டு, தலையில் குத்தும் தென்னை ஓலைகளின் நடுவே, நண்பகல் வெயிலில் தம்மை நிறுத்தி வைத்த கொடுமையை நகைச்சுவையோடு எழுதியுள்ளார். முதுகழகு வாய்ந்த ஒருவரைப் படம் பிடிப்பதற்காகவே அம்மையார் தோட்டக்காரராக வைத்துக்கொண்டாராம். அவ்வீட்டுக்குத் தோட்டமே இல்லை!

இலங்கையில் எடுத்த படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவற்றில் இருப்போர் பெரும்பாலும் உழைப்பாளிகள். தமிழகத்திலிருந்து கடல் கடந்து தோட்ட வேலைக்குச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு. டென்னிசனுக்குக் கிடைத்த அதே ஒளியும் அதே அண்மையும் இவர்களுக்கும் கிடைத்தன. கிடைக்காதது ஒன்று: பெயர். பிச்சைக்காரச் சிறுமியாக வந்த மேரி ரயனின் பெயரையும் வரலாறு அறியும். இவர்களைக் குடியானவர் என்றும் இளம்பெண் என்றும் மட்டுமே அறியும்.

அம்மையார் 1879 ஜனவரியில் மலைநாட்டுத் திக்கோயாவில் உயிர்நீத்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். களுத்துறையில் அவர் எடுத்த ஒரு படத்தில் ஒரு முதியவரும் ஒரு பெண்ணும் உள்ளனர். பெண்ணுக்கு வயது 12 என்றும், தாம் அவளுடைய தந்தை, தம் வயது 100 என்று முதியவர் சொன்னதாகவும் குறிப்பு இருக்கிறது. இருவர் பெயரும் அதில் இல்லை.